தோத்த ஆட்டத்தை டிரா ஆக்கறது எப்படி: பெர்பெச்சுவல் செக், போர்டை எடுத்து வெச்சுக்கிட்டு படிங்க

குயின் எண்ட்கேம்ல ரெண்டு சிப்பாய் கம்மி, எதிராளியோட சிப்பாய் வேற இன்னும் ஒரே ஒரு கட்டம் போனா குயின் ஆயிடும், அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு கிளாக்கை நிறுத்தி கை கொடுத்துட்டு எழுந்து போயிடறாங்க பசங்க. மும்பைல ஞாயித்துக்கிழமை ஸ்கூல் ஹால்கள்ல நடக்கற ராபிட் டோர்னமெண்ட் எதுக்கு போனாலும் இதை பாக்கறேன். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர்னு நம்ம தமிழ் பசங்க நிறைய பேர் இப்போ நல்லா ஆடறாங்க, ஓப்பனிங் பதினஞ்சு மூவ் மனப்பாடமா சொல்றாங்க, ஆனா தோக்கற பொசிஷன்ல உக்காந்து தேடறதை யாரும் அவங்களுக்கு சொல்லிக் கொடுக்கறதில்ல. அரை பாயிண்ட் அங்கதான் கிடக்குது. அதை எப்படி தேடறதுன்னுதான் இங்க எழுதறேன்.

பெர்பெச்சுவல் செக்னா விஷயம் இதுதான். நீங்க செக் கொடுத்துக்கிட்டே இருக்கீங்க, எதிராளி ராஜாவால அந்த செக்லேர்ந்து நிரந்தரமா தப்பிக்க முடியல, எங்க போனாலும் மறுபடி செக். செக்ல இருக்கறவன் வேற எந்த வேலையும் பாக்க முடியாது, சிப்பாயை குயின் ஆக்க முடியாது, மேட் போட முடியாது, அவன்கிட்ட எவ்ளோ காய் இருந்தாலும் அது போர்டுல சும்மா நிக்கும். அதனால ஆட்டம் டிரா. செஸ்ல இது நியாயமான ஆயுதம், யாரும் உங்களை குறை சொல்ல முடியாது. சீனா செஸ்லயும் ஜப்பான் ஷோகிலயும் இப்படி விடாம செக் கொடுத்தா கொடுக்கறவனுக்குத்தான் தோல்வி, நம்ம செஸ்ல அப்படி இல்ல.

எல்லாத்துக்கும் அடிப்படையா ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. செக் கொடுக்கறதுக்கு முன்னாடி வட்டம் மூடுதான்னு பாக்கணும். ஒரு செக், அதுக்கு ராஜா போகக்கூடிய எல்லா கட்டமும், ஒவ்வொண்ணுக்கும் அடுத்த செக், கடைசில ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வரணும். ஒரு கிளை திறந்திருந்தாலும் நல்ல எதிராளி அந்த வழியாத்தான் போவான். "செக் இருக்கு, கொடுத்துப் பாப்போம், அப்புறம் யோசிப்போம்"னு ஆரம்பிச்சா நாலு செக் கழிச்சு அவன் ராஜா முன்னாடிய விட நல்ல இடத்துல போயி உக்காந்திருக்கும், உங்க குயின் ஓரத்துல மாட்டிக்கிட்டு நிக்கும். செக் கொடுக்கறதுக்கு காசு கிடையாதுன்னு நினைச்சுத்தான் பாதி பேர் தோக்கறாங்க.

இப்போ போர்டை எடுங்க (எச்2 மாதிரி கட்டத்தோட பேர்ல, எழுத்து நீள வரிசை, எண் குறுக்கு வரிசை). வெள்ளை: ராஜா எச்2, குயின் இ2, சிப்பாய் ஜி2, எச்3. கறுப்பு: ராஜா ஜி8, குயின் பி3, சிப்பாய் ஜி7, ஏ2. வெள்ளை ஆடணும். பாத்தா பயமா இருக்கும், ஏ2 சிப்பாயை அடிச்சா குயின் போயிடும், அடிக்கலன்னா அது குயின் ஆயிடும். ஆனா கறுப்பு ராஜா பக்கத்துல பாருங்க, எஃப் சிப்பாய் இல்ல, எச் சிப்பாய் இல்ல, ஒத்தை ஜி7 மட்டும்தான். குயின் இ8 செக். ராஜாவுக்கு எஃப்7, எஃப்8 ரெண்டும் குயின் பார்வைல இருக்கு, எச்8 அதே வரிசைல இருக்கு, அதனால எச்7 ஒண்ணுதான் வழி. குயின் எச்5 செக். இப்போ எச்6, எச்8, ஜி6 மூணும் அடைப்பு, ஜி8-க்கு திரும்பித்தான் ஆகணும். மறுபடி இ8. வட்டம் மூடிருச்சு. கறுப்பு ராஜாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மூவ்தான், அதனால இதுல கணக்கு போடறதுக்கே ஒண்ணும் இல்ல.

இந்த இ8, எச்5 ஜோடியை கண்ணு மூடிக்கிட்டு சொல்ற அளவுக்கு பழகிக்கோங்க, ஆட்டத்துல அதிகமா வர்றது இதுதான். இது நடக்கறதுக்கு வேண்டியது: எஃப்7, ஜி6 ரெண்டும் காலியா இருக்கணும் (உங்க குயின் அந்த சாய்வுக் கோட்டுலதான் போயிட்டு வருது), எச் வரிசைல சிப்பாய் இருக்கக்கூடாது, அவன் குயினோ மத்த காயோ எஃப்8-லயும் எச்6-லயும் வந்து மறைக்க முடியாத இடத்துல இருக்கணும். கறுப்பு குயின் பி3-க்கு பதிலா ஏ3-ல இருந்திருந்தா? இ8 செக்குக்கு அது எஃப்8-ல வந்து நின்னுடும், வட்டம் உடைஞ்சுடும். ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். அதனாலதான் சொல்றேன், பேட்டர்ன் தெரிஞ்சா மட்டும் போதாது, அவன் குயின் எங்கெல்லாம் எட்டிப் பாக்குதுன்னு ஒவ்வொரு தடவையும் பாக்கணும்.

ரெண்டாவது ஜோடி, ஜி5-யும் டி8-யும். கறுப்பு ராஜா ஜி7-ல, சிப்பாய் எஃப்7-லயும் எச்7-லயும் இருக்கு, ஜி சிப்பாய் போயிடுச்சு. குயின் ஜி5 செக் கொடுங்க. ராஜா எஃப்8 போகும், இல்ல எச்8 போகும். எங்க போனாலும் டி8-ல செக். எஃப்8-ல இருந்தா இ7, இ8 அடைப்பு, எச்8-ல இருந்தா ஜி8 அடைப்பு, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஜி7-க்குத்தான் திரும்பணும், நீங்க மறுபடி ஜி5. எனக்கு இந்த பேட்டர்ன்ல ரொம்ப பிடிச்சது என்னன்னா, அவன் எந்த பக்கம் ஓடினாலும் உங்க பதில் ஒண்ணுதான், ஃபிளாக் விழப்போற, அதாவது கிளாக்ல நேரம் தீரப்போற சமயத்துல கூட தப்பு நடக்காது. டி8-ஐ அவன் ரூக் காவல் காக்குதுன்னா இது வேலைக்கு ஆகாது. அப்போ எஃப்8-ல அவனோட சொந்த ரூக்கே நிக்குதான்னு பாருங்க. நின்னா ராஜா ஜி8, எச்8-ன்னு ரெண்டு கட்டத்துக்குள்ள மாட்டிக்கும், ஜி5, எஃப்6, ஜி5, எஃப்6-ன்னு போயிட்டே இருக்கலாம். அவன் ரூக்கே அவன் ராஜாவுக்கு கதவை சாத்திடுது.

மூணாவது ஏணி மாதிரி ஒண்ணு, இ7, இ8. கறுப்பு சிப்பாய் ஜி6-லயும் எச்6-லயும், எஃப் சிப்பாய் இல்ல. ராஜா ஏழாவது வரிசைல இருந்தா இ7-லேர்ந்து செக், அது எட்டாவது வரிசைக்கு போகும், இ8-லேர்ந்து செக், மறுபடி ஏழுக்கு வரும். சுலபமா தெரியும், ஆனா இதுல கவனம் அதிகம் வேணும், ஏன்னா எஃப்7, எஃப்8 கட்டங்கள்ல அவன் குயின் வந்து மறைக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ராஜா ஜி7-ல நிக்கும்போது இ7 செக் கொடுத்தா, பி3-ல இருக்கற குயின் எஃப்7-ல வந்து நிக்கும், ராஜா பக்கத்துலயே காவலுக்கு இருக்கு, நீங்க அடிக்க முடியாது, வட்டம் அங்க உடைஞ்சுடும். அவன் குயின் தூரத்துல, உதாரணத்துக்கு சி1 மாதிரி இடத்துல மாட்டிக்கிட்டு இருந்தா தாராளமா போங்க.

குயின் இல்லாமலும் ஒண்ணு இருக்கு, இது தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி, தெரிஞ்சுக்கிட்டா கண்டிப்பா ஒரு நாள் காப்பாத்தும். வெள்ளை: ராஜா ஜி3, ரூக் டி7, குதிரை இ4. கறுப்பு: ராஜா ஜி8, குயின் ஏ2, சிப்பாய் பி3. ரூக்கும் குதிரையும் சேந்து குயினை எதிர்த்து, அதுவும் பி சிப்பாய் ஓடப்போற நேரத்துல. குதிரை எஃப்6 செக். இப்போ ராஜா எச்8 போனா ரூக் எச்7, மேட், டிரா கூட இல்ல ஜெயிச்சாச்சு. அதனால எஃப்8 போகும். குதிரை எச்7 செக். ராஜாவுக்கு ரெண்டு வழி. ஜி8 வந்தா குதிரை மறுபடி எஃப்6. இ8 போனா அது உங்க ரூக்கை அடிக்க வந்து நிக்குது, பயப்படாதீங்க, அதே குதிரை எஃப்6-ல வந்து செக்கும் கொடுக்குது ரூக்கையும் காப்பாத்துது, டி8-ஐ ரூக் பாத்துக்குது, ராஜா எஃப்8-க்கே திரும்பணும். மறுபடி எச்7. ரெண்டு கிளையும் மூடியாச்சு. நான் பசங்களுக்கு காட்டும்போது இந்த பொசிஷனை முதல்ல கறுப்பு பக்கம் உக்கார வெச்சு "தப்பிச்சுக் காட்டு"ன்னு சொல்லுவேன், எல்லா வழியும் அவங்களே போய்ப் பாத்துட்டு "இல்லண்ணா, முடியல"ன்னு சொல்லும்போது அது மண்டைல நல்லா ஏறிடும்.

ரூக் மட்டும் தனியா வெச்சுக்கிட்டு பெர்பெச்சுவல் கிடைக்கும்னு ரொம்ப நம்பாதீங்க. ராஜா நேரா ரூக்கை நோக்கி நடந்து வந்துடும். கூட குதிரையோ, முன்னேறின சிப்பாயோ, உங்க ராஜாவோ உதவிக்கு இருக்கணும். பிஷப் இன்னும் கஷ்டம், அது ஒரே கலர்லதான் போகும், ராஜா வேற கலர் கட்டத்துக்கு மாறினா முடிஞ்சுது.

இப்போ இதை விட முக்கியமான பகுதிக்கு வர்றேன். பெர்பெச்சுவல் கடைசி மூவ்ல வானத்துலேர்ந்து விழறதில்ல. தோக்கப்போறோம்னு தெரிஞ்ச உடனே, அதாவது அஞ்சாறு மூவ் முன்னாடியே, அதுக்கு தயார் பண்ண ஆரம்பிக்கணும். பெரும்பாலானவங்க தோக்கற பொசிஷன்ல என்ன பண்றாங்கன்னா மிச்சம் இருக்கற சிப்பாயை காப்பாத்தறாங்க. ஒரு சிப்பாய் கம்மில தோத்தாலும் மூணு சிப்பாய் கம்மில தோத்தாலும் பாயிண்ட் ஒண்ணுதான், ஜீரோ. அந்த சிப்பாயை விட்டுட்டு குயினை சுறுசுறுப்பான இடத்துக்கு கொண்டு வாங்க. நடுவுல, இ4, டி5, இ5 மாதிரி கட்டத்துல நிக்கற குயினுக்கு எட்டு பக்கமும் பார்வை இருக்கும், எந்த பக்கத்துலேர்ந்தும் செக்குக்கு போகலாம்.

குயினை மாத்தாதீங்க. இது சட்டம் மாதிரி. ஜெயிக்கற பக்கத்துக்கு குயின் மாத்தறதுதான் ஆசை, அவன் எப்பவும் அதுக்கு வலை வீசிக்கிட்டே இருப்பான், நீங்க விலகிக்கிட்டே இருக்கணும். அவன் ராஜா பக்கத்து சிப்பாய்கள்ல ஒண்ணை கிளப்பி விட முடிஞ்சா கிளப்புங்க, உங்க எச் சிப்பாயை எச்4, எச்5-ன்னு தள்ளி அவன் ஜி6 சிப்பாயை மோதுங்க, மாத்திக்கிட்டா அவன் ராஜா மேல இருக்கற கூரை ஒரு ஓடு குறையும். தேவைப்பட்டா ஒரு ரூக்கையோ பிஷப்பையோ கொடுத்து கூட அந்த கூரையை பிரிக்கலாம், ஆனா ஒரே நிபந்தனை, அவன் அடிச்ச உடனே உங்க குயின் செக்கோட உள்ள நுழையணும். நடுவுல ஒரு மூவ் அவனுக்கு கிடைச்சாலும் கொடுத்த காய் கொடுத்ததுதான்.

அவன் குயினும் ரூக்கும் உங்க சிப்பாயை அடிக்க தூரமா, ஏ2, பி2 பக்கம் போகுதுன்னா சந்தோஷப்படுங்க. நல்ல பிளேயர்கள் கூட அங்கதான் ஏமாறறாங்க, ஒரு சிப்பாய் சும்மா கிடைக்குதுன்னு குயினை ராஜாவை விட்டு தள்ளி எடுத்துட்டு போயிடுவாங்க. சில நேரம் அந்த சிப்பாயை நீங்களே தூண்டிலா போடலாம்.

உங்க ராஜா எங்க இருக்குன்னு பாக்க மறக்கறவங்கதான் அதிகம், ஆனா குயின் எண்ட்கேம்ல பாதி ஆட்டம் அதுல இருக்கு. இந்த பொசிஷனை வெச்சு பாருங்க. வெள்ளை: ராஜா எஃப்1, குயின் எஃப்4. கறுப்பு: ராஜா பி4, குயின் சி8, சிப்பாய் ஏ3. எஃப்4 குயின் செக் கொடுத்துக்கிட்டு இருக்கு, கறுப்பு ஆடணும். குயின் சி4! மறைச்ச மாதிரியும் ஆச்சு, சாய்வா எஃப்1 ராஜாவுக்கு செக்கும் ஆச்சு, பி4 ராஜா காவலுக்கு நிக்குது. உங்களுக்கு மாத்தறதை தவிர வழியே இல்ல, ராஜாவை நகர்த்தினா எஃப்4 குயின் சும்மா போகும். மாத்தினா ஏ சிப்பாய் நடந்து போய் குயின் ஆகும். இதைத்தான் கிராஸ் செக்னு சொல்லுவாங்க. இப்போ உங்க ராஜாவை மட்டும் எஃப்1-லேர்ந்து ஜி1-க்கு மாத்தி வைங்க. அதே குயின் சி4 வந்தா செக் இல்ல, நீங்க நிதானமா குயினை பி8-க்கு கொண்டு போய் மறுபடி செக் கொடுத்துக்கிட்டே இருக்கலாம். ராஜா ஒரே ஒரு கட்டம் தள்ளி இருந்தது, அவ்ளோதான்.

இதுலேர்ந்து ரெண்டு பழக்கம் எடுத்துக்கோங்க. செக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நேரம் கிடைச்சா உங்க ராஜாவை அவன் ராஜாவோட எந்த கோட்டுலயும் படாத, அவன் சிப்பாய் குயின் ஆகற இடத்துலேர்ந்து தூரமான மூலைல வெச்சுடுங்க. அவன் ராஜா உங்க ராஜாவை நோக்கி நடந்து வர ஆரம்பிச்சா அவன் கிராஸ் செக்குக்குத்தான் வர்றான்னு புரிஞ்சுக்கோங்க, அப்போ செக் கொடுக்கற கோட்டை மாத்துங்க, வரிசைல கொடுத்ததை சாய்வுல கொடுங்க.

தூரத்துலேர்ந்து கொடுக்கற செக் பக்கத்துலேர்ந்து கொடுக்கறதை விட பொதுவா நல்லது, ராஜா நடந்து வந்து குயினை மிரட்ட முடியாது. ஆனா மேல சொன்ன ஜோடிகள்ல பக்கத்து செக்தான் கட்டத்தை அடைக்குது, அதனால இதை ஒரு விதியா பிடிச்சுக்காம, செக் கொடுத்த பிறகு ராஜாவுக்கு எத்தனை கட்டம் மிச்சம் இருக்குன்னு எண்ணுங்க. ஒண்ணுதான்னா நல்ல செக். ரெண்டுன்னா ரெண்டையும் பாக்கணும். மூணுக்கு மேல இருந்தா அது வெறும் தொந்தரவு, வேற செக் தேடுங்க.

ஸ்டேல்மேட்டும் இதோட கூடப்பொறந்தது. உங்க ராஜா செக்ல இல்ல, ஆனா நகர இடமே இல்ல, சிப்பாய்களும் முட்டிக்கிட்டு நிக்குதுன்னா, மிச்சம் இருக்கற குயினையும் ரூக்கையும் அவன் அடிச்சாலே டிரா. 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்ல லாரி எவன்ஸ் சாமுவேல் ரெஷெவ்ஸ்கிக்கு எதிரா இதைத்தான் பண்ணார், எவன்ஸ் நிச்சயமா தோக்கற நிலைமை, குயினை ஜி8-ல தூக்கிக் கொடுத்தார், ராஜா அடிச்சதும் ரூக்கை ஜி7-ல செக்கா வெச்சார். அந்த ரூக்கை எதால அடிச்சாலும் ஸ்டேல்மேட், அடிக்கலன்னா ரூக் செக் கொடுத்துக்கிட்டே துரத்தும். பாபி ஃபிஷர் பதினொண்ணுக்கு பதினொண்ணு எடுத்த அதே டோர்னமெண்ட்தான் அது. இதுல கத்துக்க வேண்டியது குயின் சாக்ரிஃபைஸ் இல்ல, அதுக்கு முன்னாடியே எவன்ஸ் சிப்பாயை தள்ளி தன்னோட ராஜாவுக்கு நகர இடமில்லாத பொசிஷனை தயார் பண்ணி வெச்சிருந்தார்ங்கறதுதான். ரெஷெவ்ஸ்கி அந்தக் காலத்து பெரிய பிளேயர்கள்ல ஒருத்தர், ஜெயிச்சாச்சுன்னு நினைச்ச ஒரு மூவ்ல அவரே விழுந்தார்.

எண்ட்கேம் இல்லன்னாலும் சொல்லாம இருக்க முடியல, வியன்னாவுல 1872-ல ஹாம்ப்பெ, மைட்னர் ஆடின ஆட்டத்தை தேடி எடுத்து ஒரு தடவை ஆடிப் பாருங்க. கறுப்பு ஆடின மைட்னர் காயை ஒண்ணு மாத்தி ஒண்ணு கொடுத்து வெள்ளை ராஜாவை தன்னோட பக்கம் வரைக்கும் இழுத்துட்டு வந்து, கடைசில ஒரே பிஷப்பை வெச்சு பி7, ஏ6-ன்னு செக் கொடுத்துக்கிட்டே டிரா பண்ணிடுவார். அந்த பிஷப்பை ராஜா பி7-ல அடிச்சா மேட் ஆயிடும், அதான் அழகு. அந்த ஃபிலிப் மைட்னர் இயற்பியல்ல அணுப்பிளவை விளக்கின லீஸ மைட்னரோட அப்பா. அப்புறம் 1960 லைப்சிக் ஒலிம்பியாட்ல பதினேழு வயசு ஃபிஷரும் அந்த வருஷம்தான் உலக சாம்பியன் ஆன மிகைல் தாலும் ஆடினது, அதுவும் பெர்பெச்சுவல்தான், இருபத்தொண்ணு மூவ்ல முடிஞ்சுது. ரெண்டு பேருமே அடிதடியா ஆடி, ரெண்டு பேருமே விட்டுக்கொடுக்காம வந்த டிரா. டிரான்னா பயந்து ஆடறதுன்னு நினைக்கறவங்களுக்கு இந்த ரெண்டு ஆட்டத்தையும் காட்டுவேன்.

இனி டேபிள்ல உக்காந்து இதை எப்படி டிராவா பதிவு பண்றதுங்கறது, இங்கதான் நிறைய பசங்க கைல வந்த அரை பாயிண்ட்டை விட்டுடறாங்க. இப்போ இருக்கற ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதிகள்ல பெர்பெச்சுவல் செக்னு தனியா ஒரு விதி இல்ல. ஒரே பொசிஷன் மூணு தடவை வந்தா நீங்க டிரா கேக்கலாம், அதுதான் விதி. மூணும் தொடர்ச்சியா வரணும்னு இல்ல, நடுவுல வேற மூவ் இருக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் அதே காய்கள் அதே கட்டத்துல, அதே ஆளோட சான்ஸா இருக்கணும். ஒரே செக்கை மூணு தடவை கொடுத்தேன்னு சொன்னா போதாது, பொசிஷன்தான் கணக்கு. மேல முதல் உதாரணத்துல இ8 செக் முதல் மூவ்ல ஒரு தடவை, மூணாவது மூவ்ல ரெண்டாவது தடவை, அஞ்சாவது மூவ்ல மூணாவது தடவை. அப்போ அஞ்சாவது மூவை ஆடறதுக்கு முன்னாடியே கேக்கலாம்.

எப்படி கேக்கறதுங்கறதுக்கு முறை இருக்கு. உங்க மூவால மூணாவது தடவை வரப்போகுதுன்னா, அந்த மூவை ஸ்கோர்ஷீட்ல எழுதுங்க, போர்டுல ஆடாதீங்க, கிளாக்கை நிறுத்திட்டு ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட்டு இந்த மூவ் ஆடப்போறேன், ஆடினா பொசிஷன் மூணாவது தடவை வருதுன்னு சொல்லுங்க. எதிராளி மூவால ஏற்கெனவே வந்துடுச்சுன்னா, உங்க சான்ஸ்ல காயை தொடறதுக்கு முன்னாடி சொல்லணும். காயை தொட்டுட்டா அந்த மூவுக்கு கேக்கற உரிமை போயிடுச்சு, இதுல பசங்க அடிக்கடி மாட்டறாங்க, கை பழக்கத்துல குயினை எடுத்துடறாங்க. இங்க ஆர்பிட்டர்கிட்ட ஹிந்தியோ மராத்தியோ சரளமா வரலன்னு நம்ம பசங்க சில பேர் கூப்பிடவே தயங்கறாங்க, தயங்கவே வேணாம்டா தம்பி, கையை தூக்கிட்டு "திரீஃபோல்ட்"னு ஒரு வார்த்தை சொன்னா மும்பைல எந்த ஆர்பிட்டருக்கும் புரியும். தப்பா கேட்டா கிளாசிக்கல்ல, அதாவது நீண்ட நேர ஆட்டத்துல, எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் சேத்துக் கொடுப்பாங்க, எழுதின மூவை ஆடியாகணும், ஆட்டம் தொடரும், அவ்ளோதான், தோல்வி இல்ல.

நீங்க கேக்காமலே விட்டா, அதே பொசிஷன் அஞ்சு தடவை வந்தா ஆட்டம் தானா டிரா, ஆர்பிட்டரே நிறுத்திடலாம். ஆனா அதை நம்பி இருக்காதீங்க, நேரம் ஓடிக்கிட்டு இருக்கும், பெர்பெச்சுவல் கொடுத்துக்கிட்டு இருக்கும்போதே உங்க ஃபிளாக் விழுந்தா ஆட்டம் போச்சு. இன்க்ரிமெண்ட் (ஒவ்வொரு மூவுக்கும் கூட்டித் தர்ற நேரம்) இல்லாத லோக்கல் டோர்னமெண்ட்ல இது நிஜமான ஆபத்து. எழுத வேண்டிய அவசியம் இல்லாத ராபிட், ப்ளிட்ஸ்ல எண்ணிக்கையை நீங்கதான் மனசுல வெச்சுக்கணும், மெதுவா, ஒவ்வொரு தடவையும் அதே கட்டத்துல அதே மாதிரி வெச்சு ஆடுங்க, பக்கத்துல ஆர்பிட்டர் இருந்தா ரெண்டாவது தடவை வரும்போதே கூப்பிட்டு பாக்கச் சொல்லுங்க. சும்மா டிரா கேக்கறதா இருந்தா உங்க மூவை ஆடிட்டு, கிளாக் அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேளுங்க. பெர்பெச்சுவல் தெளிவா இருந்தா பெரும்பாலான எதிராளிங்க சரின்னுடுவாங்க, மறுத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் குறையல, செக்கை தொடருங்க.

போன்ல ஆடறவங்களுக்கு, லோக்கல் டிரெயின்ல ப்ளிட்ஸ் ஆடற கூட்டம் இங்க ஏகப்பட்டது, செஸ்.காம்ல மூணாவது தடவை வந்தா அதுவே டிரா போட்டுடும். லிச்செஸ்ல மூணாவது தடவைக்கு நீங்க பட்டனை அமுக்கி கேக்கணும், அஞ்சாவது தடவைக்குத்தான் தானா நடக்கும். இந்த வித்தியாசம் தெரியாம இங்க பழகிட்டு அங்க போய் நேரத்தை தொலைக்கறாங்க.

எதிர்ப்பக்கமும் கொஞ்சம் யோசிச்சுக்கோங்க, நீங்க ஜெயிச்சுக்கிட்டு இருக்கும்போது எதிராளி இதையே உங்களுக்கு பண்ணலாம். சிப்பாயை குயின் ஆக்கறதுக்கு முன்னாடி அவன் குயினுக்கு செக் எங்கெல்லாம் இருக்குன்னு எண்ணுங்க, முடிஞ்சா உங்க குயினை உங்க ராஜா பக்கத்து கட்டங்களையும் சேத்துப் பாக்கற நடு இடத்துல வைங்க. ஒரு சிப்பாயை திருப்பிக் கொடுத்து குயின் மாத்தற வாய்ப்பு வந்தா யோசிக்காம எடுத்துக்கோங்க.

பயிற்சிக்கு எங்க மாட்டுங்கா கிளாஸ்ல நாங்க பண்றது இது. முதல் உதாரணத்தை போர்டுல வெச்சுட்டு கறுப்பு குயினை மட்டும் ஒவ்வொரு கட்டமா நகர்த்தி வைப்போம், பி3, ஏ3, பி4, டி6, சி2-ன்னு, ஒவ்வொண்ணுக்கும் வட்டம் மூடுதா உடையுதா, உடைஞ்சா எந்த கட்டத்துல உடையுதுன்னு பசங்க சொல்லணும். டி6-ல வெச்சா அது எச்2 ராஜாவுக்கே செக், வெள்ளை முதல்ல அதை சமாளிக்கணும்னு யாராவது ஒரு வாண்டு கத்தும், அது பாக்கற கண்ணு வந்துடுச்சுன்னு அர்த்தம். பி4-ல வெச்சா எஃப்8 மறைக்க வந்துடும். சி2-ல வெச்சா கொஞ்சம் நேரம் ஆகும், இ2 குயினை அது நேரா பாக்குது, ஆனா சான்ஸ் வெள்ளைக்குத்தான், இ8 செக், எச்7, எச்5 செக், இப்போ சி2 குயின் எச்6-ஐ மறைக்க முடியுமா, ராஜா எச்7-லேர்ந்து ஜி6-க்கு போனா சி2 காவல் இருக்கே, ஆனா ஜி6-ஐ எச்5 குயின் பாக்குதே, அப்போ போக முடியாதுன்னு அவங்களே சண்டை போட்டு முடிவுக்கு வருவாங்க. அப்புறம் ஜி7 சிப்பாயை எடுத்துட்டு எச்6-ல ஒண்ணை வெச்சு திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். வீட்டுல தனியா பண்றதா இருந்தா இன்ஜினை உடனே ஆன் பண்ணாதீங்க, உங்க பதிலை எல்லா கிளையோட பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் பாருங்க.